நீலகிரியில் பெரிய ரோட்டைத் தவிர்த்து மூன்று நாள்: கிராவல் சைக்கிளுக்கு எந்த வழி?

அடையாறு_சக்கரம் | ஜனவரி 4, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து மாதமாக கிராவல் சைக்கிள் (மண், கப்பி ரோட்டிலும் போகிற மாதிரி அகல டயர் போட்டது) ஓட்டுகிறேன். இதுவரை போனதெல்லாம் செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிக்கரை மண் பாதைகள்தான். இந்த மாதக் கடைசியில் மூன்று நாள் லீவு கிடைத்திருக்கிறது. நீலகிரி எக்ஸ்பிரஸில் சைக்கிளை லக்கேஜில் போட்டு மேட்டுப்பாளையத்தில் இறங்குவது வரை முடிவாகிவிட்டது. அதற்கு மேல்தான் குழப்பம்.

குன்னூர் வழியாக ஏறப் பயமாக இருக்கிறது. பஸ்ஸும் வேனும் முழங்கையை உரசிக்கொண்டு போகும் ரோட்டுக்காக நான் இந்தச் சைக்கிளை வாங்கவில்லை. ஆள் அரவம் இல்லாத ரோடு வேண்டும். மண், கப்பி, சிமெண்ட் எதுவானாலும் சரி. சாட்டிலைட் படத்தில் பார்த்தால் மஞ்சூருக்கு மேலே, கோரகுந்தா தாண்டி அப்பர் பவானி அணை வரை ஒரு பாதை வெள்ளையாக நெளிந்து போகிறது. அதைப் பார்த்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை. யாராவது போயிருக்கிறீர்களா? போன வழியைப் பதிந்த ஜி.பி.எக்ஸ் ஃபைல் இருந்தால் போடுங்கள்.

டயர் 700×40, ட்யூப்லெஸ். முன்னால் ஒரே பல்சக்கரம், 42 பல். பின்னால் 11 பல்லிலிருந்து 42 பல் வரை.

காரமடை_ரவுண்டு | ஜனவரி 4, இரவு 9.47

அப்பர் பவானியை விட்டுவிடுங்கள். கோரகுந்தாவுக்கு அப்பால் வனத்துறை செக்போஸ்ட், அதற்கு மேல் காடு. பக்கத்திலேயே முக்கூர்த்தி தேசியப் பூங்கா, வரையாட்டுக்காக ஒதுக்கிய இடம். வெள்ளையாகத் தெரியும் அந்தப் பாதை மின்வாரியமும் வனத்துறையும் போய்வருவதற்கு. உங்களுக்கும் எனக்கும் இல்லை.

அடையாறு_சக்கரம் | ஜனவரி 4, இரவு 9.55

சைக்கிள்தானே அண்ணா, சத்தம் இல்லை, புகை இல்லை. அதற்குமா தடை?

கோத்தகிரி_ஹட்டி | ஜனவரி 5, காலை 6.30

தம்பி, சத்தம் இல்லாததுதான் பிரச்சினையே. மோட்டார் வண்டி வந்தால் ஆனைக்கு அரை கிலோமீட்டருக்கு முன்பே தெரியும், விலகிக்கொள்ளும். சைக்கிள் வளைவு திரும்பும்வரை யாருக்கும் தெரியாது. காட்டெருமையும் கரடியும் நம்மைப் பத்தடிக்குள் திடீரென்று பார்த்தால் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. நான் பிறந்து வளர்ந்தது கோத்தகிரிப் பக்கம். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து சைக்கிள்தான். ஆனாலும் காட்டுக்குள் சைக்கிளைத் திருப்பியதில்லை.

அதற்காக மனசு விட்டுவிடாதே. நீ கேட்கும் ரோடு இங்கே நிறைய இருக்கிறது, காட்டில் இல்லை, ஊருக்கும் ஊருக்கும் நடுவில். சாயங்காலம் விரிவாக எழுதுகிறேன்.

ஜவ்வாது_காற்று | ஜனவரி 5, காலை 10.05

சென்னையிலிருந்து வருபவருக்கு ஜவ்வாது மலையே போதும் என்பது என் கட்சி. ஆலங்காயத்தில் ஏறி காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர். காவலூரில் வானியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது, 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான். இரவு வெளிச்சம் கூடாது என்று இடம் தேடித் தேடிக் கட்டியது. அப்படியென்றால் அந்த ரோடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றமும் நீலகிரி அளவுக்கு இல்லை. முதல் மலைக்கு அதுதான் சரி.

கோத்தகிரி_ஹட்டி | ஜனவரி 5, இரவு 8.20

ஜவ்வாது நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் டிக்கெட் போட்டாகிவிட்டது போலிருக்கிறது, அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி, 33 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர், கோத்தகிரி அதற்கு மேல் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில். சராசரி ஏற்றம் நாலரை சதவீதம்தான் வரும், மூச்சு முட்டாது. தார் ரோடுதான். வண்டி இருக்கும், ஆனால் குன்னூர் ரோடு மாதிரி இல்லை. ரயில் இறங்கியதும் இருட்டில் கிளம்பிவிடாதே. டீ குடி, நன்றாக விடியட்டும். குஞ்சப்பனைப் பக்கம் ஆனை ரோட்டைக் கடக்கும். பலாப்பழ சீசனில் அங்கேயே தங்கிவிடும். இது ஜனவரி, அவ்வளவு இருக்காது. ஆனாலும் எதிரே வரும் பஸ் டிரைவர் கை காட்டினால் நின்றுவிடு. அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

கோத்தகிரியில் இரண்டு இரவு தங்கு. தினமும் மூட்டை கட்டி ஊர் மாறாதே. பையை அறையில் வைத்துவிட்டு வெறும் சைக்கிளோடு கிளம்புவதில்தான் சுகம்.

இரண்டாம் நாள்தான் நீ வந்த காரியம். இங்கே படுகர் ஊர்களை ஹட்டி என்போம். மலை முழுக்கச் சுமார் நானூறு ஹட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரோடு உண்டு. பல ஊர்களுக்குப் பஸ்ஸும் உண்டு. பஸ் போய்த் திரும்பும் இடம் என்று ஒன்று இருக்கும்: ஒரு கோயில் முற்றம், ஒரு பெட்டிக்கடை, கொஞ்சம் அகலமான மண் திடல். கார்க்காரர்கள் அதோடு திரும்பிவிடுவார்கள். உன் ரோடு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தத் திடலிலிருந்து தேயிலைக்குள் ஒரு கப்பி ரோடு இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர் மேட்டில் இருக்கும் அடுத்த ஹட்டிக்கு ஏறும். பறித்த தேயிலை ஏற்றும் பிக்கப் போகும், கல்யாணம் காட்சிக்கு நடந்து போவார்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். இப்படி ஒன்றோடு ஒன்றாகக் கோத்தால் ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் தாராளமாக வரும், அதில் பாதி மண்ணும் கப்பியும்.

திசை வேண்டுமென்றால் கோத்தகிரிக்குக் கிழக்கே கீழ்கோத்தகிரி, சோலூர்மட்டம், இல்லையென்றால் கோடநாடு ரோட்டின் இரு பக்கமும். கோடநாடு காட்சிமுனை கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர். கீழே மாயாறு வெள்ளிக் கம்பி மாதிரி போகும், அதன் கரையில் தெங்குமரஹாடா.

ஜி.பி.எக்ஸ் ஃபைல் தரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்பு எங்கள் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் ஒரு எஸ்டேட் வழியை யாரோ இணையத்தில் போட்டுவிட்டார்கள். இரண்டே மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் முப்பது நாற்பது பைக். பறித்து வைத்திருந்த தேயிலை மூட்டை மேலேயே ஒருவன் ஏற்றிவிட்டுப் போனான். எஸ்டேட்காரர்கள் கேட் போட்டுப் பூட்டினார்கள். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போகிறார்கள். அதில் வெளியூர்க்காரர் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அதனால் பஸ் திரும்பும் இடத்தில் இறங்கு, கடையில் டீ குடி, கேள். "அந்தப் பக்கம் ஊருக்கு வழி இருக்கா? சைக்கிள் போகலாமா?" இவ்வளவுதான். போகலாம் என்றால் போ, வேண்டாம் என்றால் திரும்பு. வேண்டாம் என்று யாரும் சும்மா சொல்லமாட்டார்கள்.

மலர்_பெடல் | ஜனவரி 5, இரவு 8.51

அண்ணா சொன்ன "கேள்" என்பதைப் பெண்களுக்காக இன்னும் அழுத்திச் சொல்கிறேன். நானும் தோழியும் போன பிப்ரவரியில் இந்தப் பக்கம் ஓட்டினோம். தனியாகப் போகும் பெண்ணுக்கு அமைதியான ரோடு என்பது ஒரு கணக்கு, யாருமே இல்லாத ரோடு வேறு கணக்கு. ஹட்டி வழிகளில் அந்தக் கவலை வரவில்லை. எந்த வளைவில் திரும்பினாலும் தேயிலைக்குள் நாலு தலை தெரியும், ஒரு குரல் வரும். எங்கே போறீங்க, சாப்பிட்டீங்களா என்று.

தண்ணீர் பாட்டில் சொந்தமாக இரண்டு எடுத்து வாருங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் தடை, கடையில் கிடைக்காது. வழியில் குடிநீர் ஏ.டி.எம் இருக்கிறது, அதில் பிடித்துக்கொள்ளலாம். பொங்கல், குடியரசு தினம் இரண்டுக்கும் நடுவில் வரும் வார நாட்களைப் பாருங்கள், கூட்டம் இருக்காது.

ஸ்போக்_கீ | ஜனவரி 6, காலை 11.15

வழியைப் பற்றி நான் பேசவில்லை, சைக்கிளைப் பற்றிச் சொல்கிறேன். இருபது வருஷமாகக் கோவையில் சைக்கிள் ரிப்பேர் செய்கிறேன். மலைக்குப் போய்விட்டுத் திரும்பும் கிராவல் சைக்கிள்கள் என் கையில்தான் வருகின்றன.

முதலில் பல்சக்கரம். முன்னால் 42, பின்னால் 42 என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரே சுற்று, 2.2 மீட்டர். ஹட்டிகளின் சிமெண்ட் ரோட்டில் 12 சதவீத ஏற்றம் சாதாரணமாக வரும். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். நிமிஷத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம், அதற்கு 220 வாட் வேண்டும். சமவெளியில் ஓட்டிப் பழகியவரால் பத்து நிமிஷத்துக்கு மேல் முடியாது. முன்னால் 36 பல் போடுங்கள். அதே 60 மிதிக்கு 190 வாட்டுக்குள் வந்துவிடும். செயினில் இரண்டு கண்ணி குறைக்க வேண்டியிருக்கும். செலவு பெரிதில்லை, முழங்கால் பிழைக்கும்.

அடுத்து பிரேக். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. 1,500 மீட்டர் இறங்கும்போது 85 கிலோவுக்குப் பன்னிரண்டரை லட்சம் ஜூல் சக்தி வெளியேற வேண்டும். நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சமெல்லாம் உங்கள் இரண்டு டிஸ்க்கில். விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடு பளபளவென்று கண்ணாடியாகிவிடும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. வளைவுக்கு முன்பு நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், விட்டுவிடுங்கள், காற்றுப் படட்டும். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி. ஒரு ஜோடி பேடு பையில் இருக்கட்டும், அதை மாற்றத் தெரிந்திருக்கட்டும்.

டயரில் காற்றழுத்தம் 35 பி.எஸ்.ஐ. போதும். 60 வைத்துக்கொண்டு கப்பியில் இறங்கினால் சைக்கிள் தவளை மாதிரிக் குதிக்கும்.

காரமடை_ரவுண்டு | ஜனவரி 6, பகல் 1.20

பேடு விஷயத்தில் ஸ்போக்_கீ அண்ணா சொன்னது எனக்கு நடந்திருக்கிறது. மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக இறங்கினேன், 43 கொண்டை ஊசி வளைவு. முப்பதைத் தாண்டியபோது பின் பிரேக்கில் இரும்பும் இரும்பும் உரசும் சத்தம். பேடு முழுக்கத் தேய்ந்துவிட்டது. மிச்ச வளைவுகளை இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தேன். கெத்தை ஆனை நடமாடும் இடம். தள்ளிக்கொண்டு வரும் ஒவ்வொரு நிமிஷமும் காது இரண்டும் காட்டுக்குள்தான் இருந்தது. கிளம்பும் முன் பேட்டைப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும், அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

மூன்றாம் நாளுக்கு என் யோசனை: கோத்தகிரி, கட்டபெட்டு, எடப்பள்ளி, குன்னூர். ஊருக்குள் நுழைந்ததும் நிற்காமல் காட்டேரிப் பக்கம் திரும்பி, சேலாஸ், கேத்தி பாலாடா, அங்கிருந்து மேற்கே மஞ்சூர். கேத்தி பாலாடா பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாகக் கேரட்டும் பூண்டும் பீட்ரூட்டும். கேரட் கழுவும் மெஷின் ஓடும்போது பாருங்கள், மண்ணோடு உள்ளே போகும், செக்கச்செவேலென்று வெளியே கொட்டும்.

மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி, வெள்ளியங்காடு, காரமடை என்று இறங்கினால் ரயிலடி பக்கம். ஆனால் வனத்துறை செக்போஸ்ட்டில் அன்றைக்கு விடுவார்களா, எத்தனை மணி வரை என்று கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டால் கேட்கவே வேண்டாம், வேறு வழி பாருங்கள்.

கோத்தகிரி_ஹட்டி | ஜனவரி 6, இரவு 7.02

காரமடை நண்பர் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். கெத்தையில் ஓட்டும்போது மேலே பார்த்தால் மலையிலிருந்து ராட்சதக் குழாய்கள் இறங்கும். குந்தா நீர்மின் திட்டம், கனடா நாட்டு உதவியோடு கட்டியது. அதனால்தான் அங்கே ஒரு இடத்துக்கு இன்னும் கனடா பவர் ஹவுஸ் என்று பெயர். அந்த ரோடு வந்ததே மின்சாரத்துக்காகத்தான். ஆனைகளின் வழி அதற்கு எவ்வளவோ முந்தியது. குட்டியோடு கூட்டம் ரோட்டில் நின்றால் பஸ்ஸே அரை மணி நேரம் காத்திருக்கும். பஸ்ஸுக்குச் சுற்றிலும் தகரம் இருக்கிறது. உனக்கு என்ன இருக்கிறது தம்பி?

அப்புறம் குளிர். ஜனவரியில் ஊட்டிப் பக்கம் பள்ளத்தில் உறைபனி விழும், புல் வெள்ளையாக இருக்கும். பாலத்தின் மேலும் நிழல் வளைவிலும் ரோடு ஈரமாகத் தெரிந்தால் ஈரம் என்று நினைக்காதே, சறுக்கும். ஏறும்போது வேர்வையில் நனைந்த பனியனோடு இறங்கினால் பல் கிட்டிவிடும். காய்ந்த பனியன் ஒன்று, மார்புக்கு முன்னால் செருக ஒரு தினசரிப் பேப்பர். இது எங்கள் அப்பா சொல்லிக் கொடுத்தது.

மழைக்காலத்தில் யாராவது இந்த இழையைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் ஆபத்து. 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அக்டோபர், நவம்பரில் மண் ரோட்டுக்கு வராதீர்கள்.

அடையாறு_சக்கரம் | ஜனவரி 6, இரவு 10.30

36 பல்சக்கரம் ஆர்டர் போட்டுவிட்டேன். பேடு இரண்டு ஜோடி. அப்பர் பவானி நினைப்பை விட்டாயிற்று. வந்து எழுதுகிறேன்.

அடையாறு_சக்கரம் | ஜனவரி 25, இரவு 8.45

போய்விட்டு வந்துவிட்டேன்.

முதல் நாள் ஏழு மணிக்குக் கிளம்பி, நின்று நின்று, ஒன்றே முக்காலுக்குக் கோத்தகிரி. குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவில் லாரிக்காரர் ஒருவர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். நின்றேன். ஆனை இல்லை, சாய்ந்த மரம் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இருந்தாலும் நின்றது நல்லதுதான்.

இரண்டாம் நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். கீழ்கோத்தகிரி ரோட்டில் போய், ஒரு ஊருக்குள் திரும்பி, அண்ணா சொன்ன மாதிரி பஸ் திரும்பும் திடல் வரை போனேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை, ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகை. இலை எடை போடும் நேரம். உத்தரத்தில் தராசு தொங்குகிறது, ஒவ்வொருவராக மூட்டையைக் கொக்கியில் மாட்டுகிறார்கள், ஒருவர் நோட்டில் எழுதுகிறார். வெள்ளைச் சேலையும் தலையில் வெள்ளைத் துணியுமாக ஒரு பாட்டி. அவருடைய மூட்டை 14 கிலோ காட்டியது. நோட்டில் எழுதுபவர் ஈர இலை என்று சொல்லி ஒரு கிலோ கழித்தார். பாட்டி மூட்டைக்குள் கையை விட்டு அடி இலையை அள்ளி அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். அவர் பேசாமல் 14 என்றே திருத்தி எழுதினார்.

நான் எதிர் மேட்டைக் காட்டி வழி கேட்டேன். பாட்டி என் டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப போகாத. கீழ ஓடைகிட்ட காட்டுமாடு மூணு நிக்குது. டீ குடிச்சிட்டுப் போ" என்றார். நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். டீயும் வர்க்கியும் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. மேலே இருந்து பார்க்க, கறுப்பாக மூன்று முதுகுகள் தேயிலைச் செடிக்கு நடுவில் நகர்ந்து சோலைக்குள் போயின. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரிக் கால்கள். அதற்கப்புறம் ஒரு பையனைக் கூப்பிட்டு, ஓடைவரை என்னோடு ஓடிவந்து வழி காட்டச் சொன்னார்.

அந்த இரண்டரை கிலோமீட்டர் செம்மண்ணும் கப்பியும். சில்வர் ஓக் மரங்களின் நிழல் கோடு கோடாக விழுந்திருந்தது. என் டயர் கல்லை நெரிக்கும் சத்தமும், தூரத்தில் இலை வெட்டும் கத்தரியின் சத்தமும் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. இப்படி நாலு ஊர் கோத்து 37 கிலோமீட்டர். இரண்டு இடத்தில் வேண்டாம் என்றார்கள், திரும்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் கேத்தி பாலாடாவுக்கு வரவே பன்னிரண்டரை. மஞ்சூர் போய் கெத்தையில் இறங்க நேரம் போதாது என்று அங்கேயே முடிவு செய்தேன். கேரட் மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பிய வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டார்கள். மஞ்சூர் அடுத்த முறை.

36 பல் இல்லாவிட்டால் அந்தச் சிமெண்ட் ஏற்றங்களில் பாதி தூரம் தள்ளியிருப்பேன். ஸ்போக்_கீ அண்ணாவுக்கு நன்றி.

ஸ்போக்_கீ | ஜனவரி 26, காலை 9.10

பேடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது, கழற்றிப் பார்த்தீர்களா? ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். செம்மண் தூள் உள்ளே போயிருக்கும். டிஸ்க்கை ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள், எண்ணெய்த் துணி வேண்டாம்.

மலர்_பெடல் | ஜனவரி 26, காலை 9.34

பாட்டியைப் படம் எடுத்தீர்களா?

அடையாறு_சக்கரம் | ஜனவரி 26, பகல் 12.05

கேட்டுவிட்டு எடுத்தேன் அக்கா, தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி. இங்கே போடவில்லை, அவரிடம் அதைக் கேட்கவில்லை. பிரிண்ட் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், விலாசம் வாங்க மறந்துவிட்டேன்.

கோத்தகிரி_ஹட்டி | ஜனவரி 26, இரவு 7.40

எந்தத் திடல் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தனி மெசேஜில் என் விலாசம் அனுப்பியிருக்கிறேன். பிரிண்ட் போட்டு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம்தான் ஓட்டப் போகிறேன். கையில் கொடுத்துவிடுகிறேன்.

அடையாறு_சக்கரம் | ஜனவரி 26, இரவு 7.52

நாளைக்கே போடுகிறேன் அண்ணா. இரண்டு பிரிண்ட். ஒன்று வழி காட்டிய பையனுக்கு, அவனும் ஓரத்தில் நிற்கிறான்.